உயிர்த்த ஞாயிறு மத்தியானம்

என் மனிசனுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று சொன்ன டொக்டர், அதே வாயால் அதற்கு இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் சொன்னார். உலகத்தில் எங்கேயாவது இப்படி ஒரு நியாயம் உண்டா? வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது, ஆனால் அது நித்திரை கொள்கிறது, நீங்களும் போய்ப் படுங்கள் என்று சொன்ன மாதிரி. நான் அதை அப்படியே கேட்டும் விட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை. "ஓம் அம்மா, கிட்டத்தட்ட அப்பிடித்தான். ஆனா நாங்கள் படுக்கமாட்டம். அது நித்திரையோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டே இருப்பம்," என்றார்.

இது போன வருசம் சோளகக் காற்று அடித்த காலத்தில் நடந்தது. என் மனிசன் இன்னாசித்தம்பி நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவுக் கடலிலேயே வலை போட்டு அறுபது வயதைத் தாண்டியவர். சலம் போகக் கஷ்டமாக இருக்கிறது என்று அவராக ஒருநாளும் சொல்லவில்லை. இரவில் அவர் எத்தனை தரம் எழும்புகிறார் என்று பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டி இருக்கிற எங்கள் மகள் அன்ரனிட்டாதான் அவரை இழுத்துக்கொண்டு போய் இரத்தம் பார்த்து, ஸ்கான் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, புரொஸ்ரேட்டில் ஒரு சின்னக் கட்டி என்று கண்டுபிடிக்க வைத்தாள்.

"ரெண்டு வழி இருக்கு ஐயா," என்றார் டொக்டர். "ஒண்டு, வெட்டி எடுக்கிறது. ஆனா அதுக்குப் பிறகு சிலருக்குச் சலம் அடக்கேலாமல் ஒழுகும். புருசன் பெண்சாதி உறவும் பழைய மாதிரி இல்லாமல் போகலாம். மற்றது, மூண்டு மாதத்துக்கு ஒருக்கா இரத்தத்தில ஒரு இலக்கம் ஏறுதோ எண்டு பாத்து, இடைக்கிடை ஸ்கான் பாத்து, கட்டி குழப்படி செய்தால் மட்டும் வைத்தியம் செய்யிறது. உங்கடை கட்டிக்கு ரெண்டாவது வழி நல்லதெண்டு நான் நினைக்கிறன்."

என் மனிசனுக்கு அதில் ஒழுகும் என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. படகு பிடிக்கக் குறிகட்டுவானுக்குத் திரும்புகிற பஸ்ஸில் என் காதுக்குள் வந்து கேட்டார்.

"உடுத்த சாரம் நனைய நனைய நான் ஆக்களோட வள்ளத்தில நிக்கிறதோ?"

"வள்ளத்தில ஆரின்ரை சாரம் காய்ஞ்சு கிடக்குது?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டர் சொன்ன மற்ற விசயத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. வெட்டுவதில்லை, பார்த்துக்கொண்டிருப்போம் என்று முடிவாயிற்று.

பார்த்துக்கொண்டிருப்பது லேசான வேலை என்று யாராவது சொன்னால் அவரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விடவேண்டும். விடியமுன் எழும்பி இறங்குதுறைக்குப் போனால் காற்றுப் பலம், படகு இல்லை என்பார்கள். திரும்பி வந்து அடுத்த நாளும் போகவேண்டும். கடலில் குடல் வெளியே வருமட்டும் குலுங்கி, குறிகட்டுவானில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் ஒரேயொரு ஊசி. பிறகு முடிவைச் சொல்லி மகள் ரெலிபோன் எடுக்குமட்டும் காத்திருப்பு. ஊருக்கு நாங்கள் சொன்னது கண் காட்டப் போகிறோம் என்று. "உம்மடை மனிசனுக்கு மொத்தம் எத்தினை கண்ணடியப்பா?" என்று ஒருத்தி படகில் வைத்தே கேட்டுவிட்டாள்.

என் மனிசனுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கறி கொதிக்கமுன் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள். அவருடைய உடம்புக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றால் எப்படி இருப்பார்? அடிவயிற்றை அமத்தி அமத்திப் பார்ப்பார். முதுகு உளைந்தால் அங்கேயும் பரவிவிட்டது என்பார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கதை நின்றுவிடும், பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் விசர் பிடிக்கும் போல இருந்தது. அவர் இருமினால் நான் எழும்பி இருந்துவிடுவேன். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தோம், ஆனால் கண்ணாடிச் சாமானுக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி, ஆளை ஆள் முட்டாமல் படுத்தோம்.

அப்படி இருக்கும்போது, உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தது. எங்கள் குடும்பங்களில் அந்தக் காலத்தை இறுக்கமாகத்தான் வைத்திருப்போம். இறைச்சி இல்லை, கள்ளு இல்லை. புருசன் பெண்சாதி தனித்தனியாகப் படுப்பார்கள். இப்போது எந்தப் பங்குச் சுவாமியும் அப்படி இருக்கச் சொல்லிக் கேட்பதில்லை. என் தாய் செய்தா, மாமி செய்தா, நாங்களும் செய்கிறோம். இந்த முறை இவர் அதற்கும் மேலே ஒரு படி போய், மீனும் தின்னமாட்டேன் என்றார்.

"மீனும் இல்லாமல் நெடுந்தீவில என்னத்தைத் தின்னப் போறியள்? மதில் கல்லையோ?"

அன்று பின்னேரம் கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, எனக்குக் கேட்கும்படியாகவே வாய்விட்டுச் சொன்னார். "தாயே, நான் ஒரு குறையும் விடாமல் ஒறுத்தல் இருக்கிறன். உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச அடுத்த நாள் இரத்தம் குடுக்கப் போறன். இலக்கம் ஏறாட்டில், பொறுத்திரு எண்டு நீர் சொல்லுறீர். ஏறினால், வெட்டு எண்டு சொல்லுறீர். எதைச் சொன்னாலும் கேப்பன்."

மாதாவையே கிளினிக் வேலைக்கு வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் இந்த மனிசன் சொன்னால் செய்வார்.

சொன்னபடியே இருந்தார். கடலுக்குப் போய்ப் பிடித்த மீனை எல்லாம் கரையில் கொடுத்துவிட்டு வந்து, பருப்பும் முருங்கை இலையும் சாப்பிட்டார். கன்னம் ஒட்டிவிட்டது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் அவர் தடுமாறி விழப் பார்த்தார், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து விளைமீன் குழம்பும் இறால் பொரியலும் வைத்தேன். அவர் சாப்பிட்ட வடிவைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. சோற்றுக் கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! "ஜோசப்பின், உன்ரை கறிக்காக எண்டாலும் நான் கனகாலம் இருக்கோணும்," என்றார். வெளியில் வெயில் நெருப்பாக எரிந்தது, ஒழுங்கையில் ஒரு மாடுகூட இல்லை. நாங்கள் கதவைச் சாத்தினோம். கட்டி என்று ஒன்று தெரியவந்த நாளில் இருந்து இல்லாமல் போயிருந்தது அன்றைக்கு மத்தியானம் திரும்பி வந்தது. பயம் இல்லை, நோய் இல்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும். இதற்கு மேல் சொல்ல எனக்கு வெட்கம், இவ்வளவும் காணும்.

அடுத்த நாள் முதல் படகில் போய் இரத்தம் கொடுத்தார். போகும்போது வாய்க்குள் பாட்டு.

அந்தக் கிழமைக்குள்ளேயே அன்ரனிட்டா ரெலிபோன் எடுத்தாள். ஆறில் நின்ற இலக்கம் ஒன்பதைத் தாண்டிவிட்டது என்றாள். அவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். எழும்பிப் போய், முற்றத்தில் விரித்திருந்த வலையைச் சுருட்டி மூலையில் வைத்தார். பிறகு சேட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து குசினி வாசலில் நின்று சொன்னார்.

"மாதா சொல்லிப்போட்டா. வெட்டுவம்."

அடுப்படியில் இருந்து நான் குழறி அழுதேன். அவருக்காகத்தான் அழுதேனா, எனக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது. மாதாவிலும் கோபம் வந்தது. இந்த மனிசன் மீன்கூடத் தின்னாமல் கிடந்ததற்கு இதுவா பதில்?

கிளினிக்குக்கு அன்ரனிட்டாவும் வந்தாள். டொக்டர் சொல்லுவது எங்களுக்கு விளங்காமல் போய்விடும் என்று அவளுக்குப் பயம். டொக்டருடைய மேசைக்கு முன்னால் மூன்று கதிரை. நடுவில் இவர், ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் மகள்.

"காய்ச்சல், சலத்தில எரிவு ஏதும் இருந்ததோ ஐயா?"

"இல்லை."

"இரத்தம் குடுக்க முந்திக் கனதூரம் சைக்கிள் ஓடினனீங்களோ?"

"இல்லை. லான்ட்மாஸ்ரர் மெசினிலதான் இறங்குதுறைக்கு வந்தனாங்கள்."

டொக்டர் மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "இரத்தம் குடுக்க முந்தின ரெண்டு நாளுக்குள்ள, நீங்களும் அம்மாவும்... உறவு ஏதும்? அதாலயும் இந்த இலக்கம் கொஞ்சம் ஏறும். அதுதான் கேக்கிறன்."

அன்ரனிட்டா சுவரில் ஒட்டியிருந்த படத்தை உற்றுப் பார்த்தாள். இவர் யோசிக்கவே இல்லை.

"இல்லை டொக்டர். அது தபசு காலம்."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அறுவான், ஊரில் யார் வாய்க்கும் பதில் சொல்லுகிற இந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்படியென்றால் திரும்ப ஸ்கான் எடுத்து, திரும்பச் சதையும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார் டொக்டர். இவர் அதைக் கேட்கவே தயாரில்லை. "எனக்கு இனிப் பாக்கிறது காணும். வெட்டுங்கோ," என்றார். டொக்டர் அவசரப்படவேண்டாம் என்றார். இவர், "வெட்டுங்கோ," என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு எழும்பி வெளியே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். சத்திரசிகிச்சை என்றால் என்ன திகதி, என்ன ஆயத்தம் என்று கேட்க மகள் உள்ளே நின்றாள்.

வெளியில் ஒரு மர வாங்கில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏனப்பா டொக்டருக்குப் பொய் சொன்னீங்கள்?"

"வாயை மூடு. சனம் நிக்குது."

"சனம் நிண்டால் நிக்கட்டும். வெட்டப் போறது சனத்துக்கே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பெத்த பிள்ளைக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது? இந்த வயதில, இந்த வருத்தத்தோட."

"அதுக்காக வெட்டு வாங்குவீங்களோ?"

"அது மட்டுமில்லை. அதாலதான் ஏறினதெண்டாலும் மாதா வேணுமெண்டுதான் ஏத்தினவ. தபசு முழுக்க இருந்தனான். ஒரு நாள் பொறுக்க ஏலாமல் போச்சு. எங்களுக்கு விழுந்த அடி அது."

"உங்கடை புரொஸ்ரேட்டுக்குள்ள வந்து ஊதிப்போட்டுப் போறதே மாதாவுக்கு வேலை? தபசு முடிஞ்சுதானே கதவைச் சாத்தினனாங்கள்! கட்டின மனிசியோட இருந்ததுக்கு என்ன அடி?"

அவர் அழத் தொடங்கினார். தாய் செத்தபோதும் நான் காணாத அழுகை. தோள் இரண்டும் குலுங்கின. "எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது ஜோசப்பின். ஒவ்வொரு ஊசிக்கும் செத்துச் செத்து எழும்பிறன். வெட்டினால் ஒரேயடியாய் முடிஞ்சிடும். விடு என்னை."

விடுவதா? சலம் ஒழுக ஒழுக, ஆட்கள் பார்ப்பார்கள் என்று இந்த மனிசன் வள்ளத்துக்கே போகாமல் வீட்டு மூலையில் குந்தியிருப்பதை நான் என் கண்ணாலேயே கண்டுவிட்டேன். தேவைக்கு வெட்டினால் தாங்கலாம். நானும் அவரும் கதவைச் சாத்தியதை வாய்திறந்து சொல்ல வெட்கப்பட்டு வெட்டினால் அதை எப்படித் தாங்குவது? நான் எழும்பினேன். வரிசையில் நின்றவர்கள், "அக்கா, நம்பர் இருக்கு, நம்பர் இருக்கு," என்று கத்தினார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அன்ரனிட்டா டொக்டருடைய மேசையருகே நின்றாள். பக்கத்தில் ஒரு நேர்ஸும் நின்றா. பிள்ளையை வெளியே போகச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். போகச் சொன்னால் அதற்கிடையில் என் தைரியம் போய்விடும்.

"டொக்டர், அவர் சொன்னது பொய். உயிர்த்த ஞாயிறு மத்தியானம் நாங்கள் ஒண்டாய் இருந்தனாங்கள். அடுத்த நாள் விடியத்தான் இரத்தம் குடுத்தவர்."

நேர்ஸ் குனிந்துகொண்டா. மகளுடைய முகம் செவ்விளநீர் மாதிரிச் சிவந்து போயிற்று. டொக்டர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்.

"நல்ல காலம் சொன்னீங்கள் அம்மா. அது மட்டும்தான் காரணமெண்டு இப்ப சொல்லேலாது. ஆனா கொஞ்ச வாரம் விட்டுத் திரும்ப இரத்தம் எடுப்பம், அதுவரைக்கும் வெட்டுற கதை வேண்டாம். எடுக்க முந்தின ரெண்டு நாளும் விலகி இருந்தால் காணும். மற்ற நாளில ஒரு தடையும் இல்லை."

இவரைக் கூப்பிட்டு அதையே சொன்னார்கள். இவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். கோபப் பார்வை என்றால் தாங்கியிருப்பேன். அது கோபம் இல்லை. சந்தை நடுவில் உடுப்பை உருவிவிட்டால் ஒரு மனிசன் பார்ப்பானே, அந்தப் பார்வை. பஸ்ராண்டில் அன்ரனிட்டா என் கையைப் பிடித்து அமத்திவிட்டுப் போனாள். படகில் இவர் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

திரும்ப இரத்தம் கொடுக்கமாட்டேன் என்று நின்றார். நான் சோறு சமைக்கவில்லை. நீங்கள் போகாவிட்டால் நானும் தின்னமாட்டேன், இது என்ரை தபசு என்றேன். கடைசியில் வந்தார். இலக்கம் பழையபடி ஆறுக்கு இறங்கியிருந்தது. ஸ்கானும் எடுத்தார்கள், கட்டி முந்தின அளவிலேயே இருந்தது. "வெட்டத் தேவையில்லை. பாத்துக்கொண்டிருப்பம்," என்றார் டொக்டர், சிரித்துக்கொண்டே. நான் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி, வாய்க்கு வந்தபடி திட்டினதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் கட்டிலில் அவருடைய தலையணை இல்லை.

வலை வைக்கிற அறையில் பாயை விரித்திருந்தார். இரண்டொரு நாள் கோபம் என்று விட்டேன். கிழமைகள் போயின, தபசு காலம் வருசம் முழுக்க நீண்டுவிட்டது. தேத்தண்ணி கொடுத்தால் நிலத்தில் வை என்பார், விரல் முட்டிவிடும் என்று. கிணற்றடியில் நான் நின்றால் நான் போகுமட்டும் வரமாட்டார். கடலுக்குப் போகிறார், சிரிக்கிறார், ஆட்களோடு பகிடி விடுகிறார். வீட்டுக்கு வந்தால் அந்த அறைதான்.

நேற்று மத்தியானம் எனக்குப் பொறுக்க ஏலாமல் அந்த அறைக்குப் போனேன். வலையை மடியில் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் இருந்தேன்.

"சோதினைக்கு இன்னும் கனநாள் கிடக்கு. ரெண்டு நாள் விலகி இருந்தால் காணும் எண்டுதானே டொக்டர் சொன்னவர்."

"ஓம்."

"நான் அண்டைக்குச் சொன்னது கோபமோ?"

"கோபமில்லை. நீ சொல்லாட்டில் இண்டைக்கு வெட்டுப்பட்டுக் கிடந்திருப்பன்."

"அப்ப ஏனப்பா?"

அவர் தையலை நிறுத்தினார். "நீ கிட்ட வந்தால் எனக்கு அந்த இலக்கம்தான் ஞாபகம் வருது, ஜோசப்பின். உன்ரை முகம் வருகுதில்லை. ஒன்பது எண்டுதான் வருது. நான் என்ன செய்ய?"

வெட்டினால் போய்விடும் என்று எதற்குப் பயந்தேனோ, பெற்ற பிள்ளைக்கு முன்னால் மானத்தை விற்று எதைக் காப்பாற்றினேனோ, அது கத்தி படாமலே போய்விட்டது. நான் கத்தினேன். "கோதாரி விழ, அப்ப அண்டைக்கே வெட்டியிருக்கலாமே!"

அவர் தலையை ஆட்டினார். "நானும் அதைத்தான் யோசிக்கிறன்," என்றார் மெதுவாக. பிறகு அவருடைய கை என் பக்கமாக வந்தது. பாதி வழியில் நின்றது. திரும்பப் போய் நூலை எடுத்துக்கொண்டது.

வருகிற மாதம் கிளினிக். காய்ச்சலோ, சைக்கிளோ, ரெண்டு நாள் விலகி இருந்தனீங்களோ என்று டொக்டர் கேட்பார். இவர் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைத்தான் சொல்வார். இலக்கம் நல்லது, எல்லாம் நல்லது என்று டொக்டர் சிரிப்பார். வலை அறையில் பாய் விரித்திருப்பதைப் பற்றி அவர் கேட்கமாட்டார். அதை இரத்தத்தில் பார்க்க ஏலாது. இதையும் நான்தான் வாய் திறந்து சொல்லவேண்டும். அன்ரனிட்டா பக்கத்துக் கதிரையில் இருப்பாள். இருக்கட்டும்.